பைத்துல்மால்: ஒரு சொல்லும் அதன் சாவியும்

எங்களூர்ப் பள்ளிவாசலில் புதிதாகக் கட்டிய அலுவலக அறைக்குப் பெயர்ப்பலகை எழுத வேண்டியிருந்தது. அதைப் பற்றிப் பேச நம்பிக்கையாளர் சபை கூடியபோது, ஓய்வுபெற்ற ஆசிரியன் என்ற காரணத்தால் என்னையும் அழைத்திருந்தார்கள். "பைத்துல்மால் என்று போடுவோம், காலாகாலமா அப்படித்தானே செல்லுறம்" என்றார் தலைவர். அப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கும் தம்பி ஒருவர் எழும்பினார். "காக்கா, பைத்துல்மால் எண்டா அரசாங்கத்துட கஜானா. எங்களுக்கு அரசாங்கமா இரிக்கி? ஸகாத் நிதியம் எண்டு போட்டாப் போதும்." சபை இரண்டாகப் பிரிந்தது. கடைசியில், "சேர் எழுதிக் கொண்டு வரட்டும்" என்று பாரத்தை என் தலையில் ஏற்றிவிட்டார்கள்.

ஒரு பலகைக்கு எழுதப் போய்க் கட்டுரையே எழுத நேர்ந்துவிட்டது. காரணம், இந்தச் சொல்லோடு எனக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் சொல்லைப் பார்ப்போம்.

கஜானா, திறைசேரி, பாண்டாகாரய

பொதுப் பணம் சேர்த்து வைக்கும் இடத்துக்கு நம் நாட்டில் பல பெயர்கள் வழங்குகின்றன. சிங்களத்தில் பாண்டாகாரய. இது சமஸ்கிருத வழிச் சொல். இதன் உறவுச் சொல்தான் தமிழில் பண்டாரம். சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிலின் கருவூலம் ஸ்ரீபண்டாரம் எனப்படுகிறது. இலங்கைத் தமிழில் அரச கருவூலத்துக்குத் திறைசேரி என்கிறோம். ஆங்கிலேயர் கொண்டுவந்த 'ட்ரெஷரி'யை நம்மவர்கள் காதால் வாங்கி, சிற்றரசர் பேரரசருக்குக் கட்டும் 'திறை' என்ற பழந்தமிழ்ச் சொல்லோடு பொருந்தும்படி உருக்கொடுத்திருக்கிறார்கள். ஒலியும் பொருளும் ஒன்றாகப் பொருந்திய அழகான தமிழாக்கம் அது. தமிழ்நாட்டில் இதே சொல்லுக்குக் கருவூலம் என்பார்கள்.

கஜானா அறபு வழி வந்தது. 'கஸன' என்றால் சேமித்து வைத்தான். 'கிஸானா' என்றால் சேமிக்கும் இடம். அது பாரசீகத்தின் ஊடாகவும் உருதுவின் ஊடாகவும் இந்திய மொழிகளில் பரவியது. அல்குர்ஆனில் யூசுப் (அலை) அவர்கள் மன்னரிடம் நாட்டின் 'கஸாஇன்'களுக்குத் தம்மைப் பொறுப்பாக்குமாறு கேட்கும் இடம் வாசகர்களுக்கு நினைவிருக்கும். பாதுகாப்பதும் அறிவதும் ஆகிய இரண்டு தகுதிகளையே அங்கு அவர்கள் தமக்குரியவையாக எடுத்துச் சொல்கிறார்கள். இதே வேரிலிருந்து வந்த மற்றொரு சொல் 'மஃக்ஸன்', அதாவது பண்டகசாலை. அதன் பன்மை மத்தியதரைக்கடல் வணிகர் வழியாக ஐரோப்பாவுக்குப் போய், வெடிமருந்துக் கிடங்கையும் குறித்து, பின்னர் பல விடயங்களைச் சேர்த்து வைத்த வெளியீட்டையும் குறித்தது. நீங்கள் கையில் வைத்திருப்பது போன்ற சஞ்சிகையை ஆங்கிலத்தில் 'மகசின்' என்கிறோமே, அது இந்தச் சொல்தான். மொறோக்கோவில் அதே 'மஃக்ஸன்' அரசையே குறிக்கும் பெயராகிவிட்டது. களஞ்சியத்தை வைத்திருப்பவன்தான் ஆட்சி என்று மக்கள் கண்டுகொண்டார்கள் போலும்.

அந்தக் காலத்தில் கச்சேரியில் காசு வாங்கி எண்ணுகிற உத்தியோகத்தரை நம்மூரார் 'சிறாப்பர்' என்பார்கள். அது நாணயம் மாற்றுபவரைக் குறிக்கும் 'ஸர்ராப்' என்ற அறபுச் சொல்லின் வழிவந்தது. காசு இருக்கும் இடத்தின் பெயர் ஐரோப்பாவிலிருந்து வந்தது. காசை எண்ணுபவரின் பெயர் அறேபியாவிலிருந்து வந்தது. இரண்டும் ஒரே கட்டடத்துக்குள் இருந்தன.

கண்டி இராச்சியத்திலும் 'மகா கபடாவ' என்ற அரச களஞ்சியம் இருந்தது. மாட்டுத் தவளங்களில் பொருள்களை ஏற்றியிறக்கும் 'மடிகே பத்த' என்ற பிரிவில் முஸ்லிம்கள் கடமையாற்றியதைக் கலாநிதி லோனா தேவராஜா எழுதியிருக்கிறார். ஆக, பொதுக் களஞ்சியம் நமக்குப் புதிதன்று. அதற்குச் சுமை சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம்.

மாலும் மாடும்

பைத் என்றால் வீடு. மால் என்றால் செல்வம். பைத்துல்மால் என்பது செல்வத்தின் வீடு. 'மால்' என்ற சொல்லுக்கு அறபு அகராதிகாரர்கள் ஒரு குறிப்புத் தருவார்கள்: பொன்னும் வெள்ளியும் முதலில் மால், பின்னர் உடைமை யாவும் மால், ஆனால் அறபிகளின் பேச்சில் அது பெரும்பாலும் ஒட்டகத்தைக் குறித்தது, ஏனெனில் அவர்களின் செல்வத்தில் பெரும்பகுதி அதுதான். பழந்தமிழில் 'மாடு' என்ற சொல்லுக்கும் செல்வம் என்ற பொருள் உண்டு. மொழிகள் வேறு, இரண்டு சமூகங்களும் செல்வத்தைக் கால்நடையில் கண்டன.

இந்த வீட்டுக்குரியவர் யார் என்பதைப் பெயர் சொல்லவில்லை. மன்னனின் வீடு என்றோ ஏழைகளின் வீடு என்றோ அது கூறவில்லை. பழைய நூல்களில் முழுப் பெயராக வருவது 'பைத்து மாலில் முஸ்லிமீன்', அதாவது முஸ்லிம்களின் செல்வத்தின் வீடு. நாம் பேச்சில் கடைசிச் சொல்லை விழுத்திவிட்டோம். விழுந்தது சொல் மட்டுமா என்பதுதான் என் கேள்வி.

நபி (ஸல்) அவர்கள் காலத்தில் இதற்கெனத் தனிக் கட்டடம் இருக்கவில்லை. வந்தது வந்தவுடன் பங்கிடப்பட்டது. பஹ்ரைனிலிருந்து வந்த பெருந்தொகையைப் பள்ளிவாசலிலேயே பரப்பி வைத்து, எழும்புமுன் பங்கிட்டு முடித்த செய்தி புகாரியில் உண்டு. அஸர் தொழுகை முடிந்ததும் அவசரமாக வீட்டுக்குள் போய், பங்கிடாமல் மிஞ்சியிருந்த பொன் துண்டொன்றைப் பங்கிடச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்ததும் அங்கேயே இருக்கிறது. பொதுச் சொத்து ஓர் இரவு தம் வீட்டில் தங்குவதை அவர்கள் விரும்பவில்லை. அபூபக்ர் (றழி) மறைந்த பின் பொதுப் பண அறையைத் திறந்தபோது, ஒரு சாக்கை உதறியதில் ஒரேயொரு திர்ஹம் விழுந்ததாக இப்னு ஸஃத் எழுதுகிறார்.

உமர் (றழி) காலத்தில்தான் ஈராக்கும் ஷாமும் எகிப்தும் வந்து சேர்ந்து, அன்றன்றே பங்கிட முடியாத அளவு செல்வம் குவிந்தது. அப்போது அவர்கள் ஏற்படுத்தியது திவான். ஹிஜ்ரி 20 என்பது பலர் கூற்று. 15 என்பாரும் உண்டு. திவான் என்றால் பதிவேடு. பின்னாளில் அமைச்சரையும் மண்டபத்தையும் கவிதைத் தொகுப்பையும் குறித்த அந்தச் சொல், அன்று பெயர்கள் எழுதிய ஏட்டையே குறித்தது. யார் யாருக்கு ஆண்டுதோறும் எவ்வளவு என்று கோத்திரம் கோத்திரமாக, ஆண் பெண் வேறுபாடின்றி எழுதப்பட்டது.

குழந்தைகளுக்கு முதலில் பால்குடி மறந்த பின்னரே பங்கு இருந்தது. ஒரு நாளிரவு பள்ளிவாசலருகே தங்கிய வணிகக் கூட்டத்துக்குக் காவலாகச் சென்ற உமர் (றழி), ஒரு பிள்ளை விடாமல் அழுவதைக் கேட்டார்கள். தாயிடம் காரணம் கேட்க, தம்மோடு பேசுபவர் யாரென்று அறியாத அந்தப் பெண், கலீபா பால் மறந்த பிள்ளைகளுக்குத்தான் பங்கு கொடுக்கிறார், ஆகவே நேரத்தோடே பால் மறக்கடிக்கிறேன் என்றாள். விடிந்ததும், பிறந்த நாளிலிருந்தே பிள்ளைக்குப் பங்கு உண்டு என்று அறிவிக்கப்பட்டது. மற்ற நாடுகளுக்கும் எழுதப்பட்டது.

இந்தக் கதையை நாம் பயான்களில் உமரின் இரக்கத்துக்கு உதாரணமாகக் கேட்டிருக்கிறோம். நான் சுட்டிக்காட்ட விரும்புவது வேறொன்று. அந்தத் தாய் யாரிடமும் கை நீட்டவில்லை. அந்தப் பணத்தில் தன் பிள்ளைக்கு ஒரு பங்கு இருக்கிறது, அது எப்போது கிடைக்கும் என்று கணக்குப் பார்த்தாள். அந்தக் கணக்கு தவறாக இருந்தால் மாற்றவேண்டியது கலீபாதான். ஏட்டில் பெயர் இருப்பது அவளுக்கு வெட்கமாக இருக்கவில்லை.

கூபாவில் நடந்த திருட்டு

ஹிஜ்ரி 17இல் கூபா நகரம் எழுந்தது. ஆளுநராக இருந்த ஸஃத் இப்னு அபீ வக்காஸ் (றழி) தம் மாளிகையோடு பைத்துல்மாலையும் வைத்திருந்தார்கள். ஓரிரவு யாரோ சுவரைத் துளைத்துப் பணத்தைத் திருடிவிட்டார்கள். மதீனாவுக்கு எழுதினார்கள். உமர் (றழி) அவர்களிடமிருந்து வந்த உத்தரவைத் தபரி பதிவு செய்திருக்கிறார்: பள்ளிவாசலை நகர்த்தி, பைத்துல்மால் இருக்கும் கட்டடத்தோடு ஒட்டிக் கட்டுங்கள், இரவும் பகலும் பள்ளியில் ஆட்கள் இருப்பார்கள், தங்கள் பணத்துக்கு அவர்களே காவல்.

காவற்காரரைக் கூட்டச் சொல்லவில்லை. கதவைத் தடிப்பாக்கச் சொல்லவில்லை. ஆட்களின் கண் படும் இடத்துக்குப் பள்ளியையே கொண்டுவரச் சொன்னார்கள். உமர் இப்னு அப்துல் அஸீஸ் (றஹ்) அவர்களின் விளக்குக் கதையை, அதாவது சொந்தப் பேச்சு வந்ததும் அரச எண்ணெயில் எரிந்த விளக்கை அணைத்த கதையை, நாம் ஆயிரம் தடவை கேட்டிருப்போம். அது ஒரு நல்ல மனிதரின் கதை. கூபாவின் கதை ஓர் ஏற்பாட்டின் கதை. நல்ல மனிதர் மௌத்தாகிவிட்டால் விளக்கு என்னாகும் என்பதற்கு இரண்டாவது கதையில்தான் விடை இருக்கிறது.

அதே கூபாவில் பின்னர் பைத்துல்மாலின் பொறுப்பில் இருந்தவர் அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (றழி). உஸ்மான் (றழி) ஆட்சியில், ஆளுநர் ஒருவர் கடனாகப் பெற்ற தொகையை அவர்கள் திருப்பிக் கேட்கப் போய் முரண்பாடு ஏற்பட்டது. தாம் முஸ்லிம்களின் கருவூலக் காப்பாளர் என்றே நினைத்திருந்ததாகவும், ஆட்சியாளர்களின் காப்பாளராக இருக்கவேண்டுமென்றால் தமக்கு அது தேவையில்லை என்றும் கூறிச் சாவிகளைக் கீழே போட்டுவிட்டதாகப் பலாதுரி எழுதுகிறார். அறிவிப்புகளின் விவரங்களில் வேறுபாடு உண்டு. ஆனால் இஸ்லாத்தின் முதல் தலைமுறையிலேயே, 'யாருடைய காப்பாளர்' என்ற கேள்வி ஒரு சாவிக்கொத்தின் மீது எழுந்துவிட்டது என்பது தெளிவு.

திமிஷ்கின் உமையாப் பள்ளிவாசல் முற்றத்தில் இன்றும் ஒரு சிறு மாடம் நிற்கிறது. குப்பத்துல் கஸ்னா, கருவூலக் குவிமாடம் என்பார்கள். எட்டு உரோமத் தூண்களின் மேல், படிக்கட்டு இல்லாமல், எண்கோணமாக அந்தரத்தில் நிற்கும் அறை. 789ஆம் ஆண்டளவில் அப்பாஸிய ஆளுநர் காலத்தில் கட்டப்பட்டது. தொழ வருபவர் எவரும் தலையை நிமிர்த்தினால் அது தெரியும். ஏணி கொண்டுவந்தால் ஊரே பார்க்கும். கூபாவுக்கு எழுதிய உத்தரவு கல்லாக நிற்பது போல இருக்கிறது.

பெட்டி இரண்டானபோது

அப்பாஸியர் காலத்தில் கணக்கு விரிந்தது. பொதுக் கருவூலம் வேறு, கலீபாவின் தனிக் கருவூலம் வேறு என்று இரண்டு உண்டாயின. பெயரில் 'ஆம்மா', 'காஸ்ஸா' என்ற ஒரு சொல்தான் வேறுபாடு. முக்ததிர் (908–932) காலத்தில் பொதுப் பெட்டி வற்றியபோதெல்லாம் வசீர்கள் கலீபாவின் தனிப்பெட்டியை எதிர்பார்க்க நேர்ந்தது. மக்களின் பணம் மக்களுக்குச் செலவாவது உரிமையாக இருந்தது போய், அரண்மனையின் தயவாக மாறிய கட்டம் அது.

சட்ட அறிஞர்கள் சும்மா இருக்கவில்லை. ஹாரூன் அர்ரஷீதுக்காக 'கிதாபுல் கராஜ்' எழுதிய அபூயூசுப், நிலவரிப் பணத்தை ஸகாத் பணத்தோடு கலக்கக்கூடாது என்றார். ஏனெனில் ஸகாத்துக்கு எட்டுக் கூட்டத்தார் என்று அல்குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயத்தில் எல்லை உண்டு, நிலவரி எல்லோருக்குமானது. 1058இல் மறைந்த மாவர்தி இன்னும் ஒரு படி போனார். பைத்துல்மால் என்பது ஓர் இடத்தின் பெயரன்று, ஓர் உரித்தின் பெயர் என்பது அவருடைய விளக்கம். தனி உரிமையாளர் இன்னாரென்று குறிப்பிட முடியாமல், முஸ்லிம்கள் யாவருக்கும் உரித்தான பணம் எங்கே இருந்தாலும் அது பைத்துல்மாலின் பணம்தான். பெட்டிக்குள் வைத்தாலும் ஒன்று, ஒருவர் சட்டைப்பையில் இருந்தாலும் ஒன்று.

எங்கள் ஷாபிஈ மத்ஹபில் இதற்கொரு கூர்மையான பயன்பாடு உண்டு. ஒருவர் இறந்து, பங்குதாரர்களுக்குக் கொடுத்தது போக மிச்சம் இருந்து, அதைப் பெற வேறு உறவினர் இல்லையென்றால் அது பைத்துல்மாலுக்குப் போகவேண்டும் என்பது மூலச் சட்டம். ஆனால் பிற்கால அறிஞர்கள், பைத்துல்மால் சீராக நடக்கவில்லையென்றால் அந்த மிச்சத்தைப் பங்குதாரர்களுக்கே திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று பத்வா அளித்தார்கள். இமாம் நவவியின் மின்ஹாஜ் இதைப் பதிவு செய்கிறது. யோசித்துப் பாருங்கள்: பெயர் இருக்கிறது, பெட்டி இருக்கிறது, பொறுப்பாளரும் இருக்கிறார், ஆனால் ஒழுங்கு இல்லை. அப்படியானால் சட்டத்தின் கண்ணில் அது பைத்துல்மால் இல்லை. பெயர்ப்பலகை அதைக் காப்பாற்றாது. இலங்கையில் 1931ஆம் ஆண்டின் சட்டப்படி முஸ்லிமின் மரபுரிமை அவர் சார்ந்த மத்ஹபின் சட்டத்துக்கே கட்டுப்படுகிறது. ஆகவே இது நமக்குக் கிதாபில் மட்டும் உள்ள பேச்சன்று.

காலப்போக்கில் சொல் சுருங்கியது. உதுமானியர் ஆட்சியில் பைத்துல்மால் என்பது பெரும்பாலும் வாரிசில்லாச் சொத்தைக் குறித்தது. மலேசியாவிலும் இந்தோனேசியாவின் ஆச்சேயிலும் அது ஸகாத்தையும் சமயச் சொத்துகளையும் பரிபாலிக்கும் அரச அமைப்புகளின் பெயர். இலங்கையில் அரசின் கருவூலம் திறைசேரி. அரசியலமைப்பில் அதற்குத் திரட்டு நிதி, பாராளுமன்றத்தின் கட்டுப்பாடு, கணக்காய்வாளர் தலைமை அதிபதி எல்லாம் உண்டு. 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்பு சட்டம் பள்ளிவாசல்களின் கணக்குகளுக்கு ஒழுங்கு வகுத்து, முஸ்லிம் தர்ம நிதியம் ஒன்றையும் ஏற்படுத்தியது. பைத்துல்மால் என்ற பெயரிலேயே தேசிய மட்டத்தில் உதவி நிதியமொன்று பல தசாப்தங்களாக இயங்குகிறது. ஊர் மட்டத்திலோ அது பள்ளியில் ஏழைகளுக்கென்று ஒதுக்கிய காசு. ஸகாத், ஸதகா, அறுவடை நெல், உலை வைக்குமுன் பெண்கள் எடுத்துவைத்த பிடியரிசி எல்லாம் அதற்குள் அடக்கம். "அவக்குப் பைத்துல்மால்ல குடுத்த" என்று சொன்னால், அவள் கதியற்றவள் என்று பொருள். எல்லோருக்கும் உரிய வீடு, இல்லாதவளின் வாசலாகிவிட்டது.

என் பழைய கணக்கு

இனி என் கதைக்கு வருகிறேன்.

என் வாப்பா எங்களூரில் மரைக்காராக இருந்தவர். பைத்துல்மால் காசு அவரிடம்தான் இருந்தது. எங்கள் வீட்டில் றங்குப்பெட்டி ஒன்றுக்குள் மூன்று சீலைப் பைகள். ஒன்றில் வயல் காசு, ஒன்றில் உம்மாவின் சீட்டுக் காசு, மூன்றாவதில் பள்ளிக் காசு. சிறுவனாக இருக்கையில் நான் மூன்றாவது பையைத் தொட்டுவிட்டேன். வாப்பா அடிக்கவில்லை. "அது நம்மட இல்ல மகன்" என்றார். "அப்ப ஆருட?" என்றேன். "ஊர்ர. உன்ட பங்கும் இரிக்கி, ஆனா உன்ட இல்ல." மாவர்தியை வாப்பா படித்திருக்க மாட்டார். இன்று நினைத்தால் அந்தப் பதில் மாவர்தியின் பதிலாகவே இருக்கிறது.

1983இல் மாரி மழை நேரம், வயலுக்குப் போன வாப்பா திடீரென மௌத்தானார். ஏழாம் நாள் கத்தம் முடிந்து பள்ளியிலிருந்து வந்தார்கள். பெட்டியைத் திறந்தோம். பையில் இருந்ததை எண்ணி, கொப்பியில் வரவு எழுதியிருந்ததோடு பார்த்தால் 740 ரூபாய் குறைந்தது. செலவுப் பக்கத்தில் தொகைகளுக்கு நேரே பெயர் இல்லை; சிறு சிறு கோடுகளும் புள்ளிகளும்தான். வாப்பாவுக்கு மட்டும் விளங்கிய எழுத்து அது. சில தொகைகளை எழுதவே இல்லைப் போலிருந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒருவர் மட்டும் வாசலில் செருப்பைப் போடும்போது, "மரைக்கார் அப்படிப்பட்ட ஆள் இல்ல" என்றார். கேட்காமலே அதைச் சொன்னது ஏன் என்று உம்மா அன்றிரவு முழுவதும் அழுதா. வெள்ளாண்மை வெட்டியதும் முதல் வேலையாக நெல்லை விற்று 740 ரூபாயைக் கொண்டுபோய்க் கட்டினோம். கட்டியது தப்பு என்று பின்னர் எனக்குப் பட்டது. கட்டியதும் குற்றத்தை ஒப்புக்கொண்டது போலாகிவிட்டது.

மூன்று வருடம் கழித்து ஒரு நாள் அசருக்குப் பிறகு, எங்களூர்க் கைம்பெண் ஒருவர் உம்மாவைத் தேடி வந்தார். குமர் ஒன்றைக் கரைசேர்த்துவிட்டுச் சொல்ல வந்திருந்தார். வீட்டுக் கூரைக்குக் கிடுகு மாற்றவும் மகளின் வைத்தியத்துக்கும் வாப்பா மௌத்தாகும் வருடம் 500 ரூபாய் கொடுத்திருக்கிறார். "பேர எழுத வேணாம் மரைக்கார், ஊருக்குத் தெரிஞ்சா என்ட குமரை ஆரு கேப்பான் எண்டு நான்தான் கெஞ்சின. அவரு எழுதல்ல" என்றார். மிச்சம் 240 ரூபாய்க்கும் இப்படி ஒரு வாசல் இருந்திருக்கும். அவர்கள் வரவில்லை. வராததற்கும் காரணம் அதே வெட்கமாகத்தான் இருக்கும்.

வரலாற்றைப் படிக்கப் படிக்க இந்தச் சங்கிலி எனக்கு விளங்கியது. சொல்லின் பொருள் உரிமையிலிருந்து பிச்சைக்கு இறங்கியது. ஆகவே வாங்குபவருக்கு வெட்கம். வெட்கம் இருப்பதால் பெயர் எழுதப்படவில்லை. பெயர் இல்லாததால் கணக்கு இல்லை. கணக்கு இல்லாததால் ஒரு நேர்மையான மனிதரின் பெயருக்கு மௌத்துக்குப் பின் ஒரு கீறல். திருடனுக்கும் அதே இருட்டு வசதி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வாப்பா நல்லவர் என்பதையே எல்லோரும் பூட்டாக நம்பினார்கள். அந்தப் பூட்டின் சாவி அவரோடு கபுறுக்குப் போய்விட்டது.

மதீனத்துத் தாயின் பெயர் திவானில் இருந்தது. எங்களூர்த் தாயின் பெயர் ஒரு புள்ளியாக இருந்தது.

பலகைக்கு என்ன எழுதினேன்

அடுத்த கூட்டத்தில் இவ்வளவையும் சொல்லவில்லை, கொஞ்சம்தான் சொன்னேன். அந்தத் தம்பியின் வாதம் பிழையில்லை. பழைய பொருளில் பைத்துல்மால் ஆட்சியோடு சேர்ந்த சொல்தான். நமது நாட்டின் பொதுக் கருவூலம் திறைசேரி, அதிலும் நமக்குப் பங்கும் கேள்வி கேட்கும் உரிமையும் உண்டு. பள்ளியில் சேருவது பெரும்பாலும் ஸகாத்தும் ஸதகாவும். ஸகாத் நிதியம் என்று எழுதினால் சொல் சரியாகவே இருக்கும். ஆனால் தலைவர் சொன்ன பெயரையே வைப்பதென்றால், அந்தப் பெயர் கேட்கும் மூன்று காரியங்களைச் செய்யவேண்டும் என்றேன். ஒன்று, காசு எவர் வீட்டிலும் தங்கக்கூடாது. பள்ளி அலுவலகத்தில் அல்லது வங்கியில் இருக்கவேண்டும், கையொப்பம் இருவருடையது. இரண்டு, ஸகாத்துக்கு ஒரு கொப்பி, மற்றதுக்கு வேறு கொப்பி. மூன்று, வாங்குபவரின் பெயரைப் பதிவேட்டில் முழுதாக எழுதவேண்டும். பலகையில் பெயரைப் போடாமல் தொகைகளை மட்டும் மாதாமாதம் ஒட்டவேண்டும்.

"பேர எழுதினா ஆரும் வர மாட்டாங்க சேர்" என்றார் பொருளாளர். நியாயமான கேள்வி. அதற்குப் பதிவேட்டால் மட்டும் விடை சொல்ல முடியாது. இது உங்கள் ஹக்கு, எவரும் தருகிற தருமமில்லை என்று மிம்பரிலிருந்து சொல்ல வேண்டும். ஒரு தடவையல்ல, பிள்ளைகள் கேட்டு வளரும் வரைக்கும். கொடுப்பவர் படம் எடுப்பதை நிறுத்தவேண்டும். ஹதீபு இதை ஏற்றுக்கொண்டு இரண்டு ஜும்ஆக்களில் பேசியிருக்கிறார். மூன்றாவது காரியம் குறித்துச் சபை இன்னும் முடிவெடுக்கவில்லை. முதல் இரண்டும் நடக்கின்றன.

பலகையில் 'பைத்துல்மால்' என்றே எழுதிக் கொடுத்தேன். கீழே சிறிய எழுத்தில், நாம் விழுத்திவிட்ட சொல்லையும் சேர்த்து 'முஸ்லிம்களின் செல்வம்' என்று போட்டேன். வர்ணம் பூசியவர், "இடம் காணாது சேர், இதை விடுவமா?" என்று கேட்டார். எழுத்தைச் சின்னதாக்கச் சொன்னேன்.

வாப்பாவின் கொப்பி என்னிடம்தான் இருக்கிறது. அந்தக் கைம்பெண்ணும் மௌத்தாகிவிட்டார். 500 ரூபாய்க்குரிய புள்ளி எதுவென்று பல நாள் தேடிப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை.